நேசமணி யார் என்று வெளிநாட்டுக்காரர் கேட்டால்

2019 மே 30, வியாழக்கிழமை காலை. நரேந்திர மோடி இரண்டாவது முறையாகப் பிரதமர் பதவி ஏற்க இருந்த நாள். சப்டைட்டில் வேலையில் என்னோடு அவ்வப்போது சேர்ந்து உழைக்கும் போலந்துத் தோழி ஒருவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. உங்கள் ஊரில் நேசமணி என்பவருக்குத் தலையில் பலத்த அடியாமே, ஊரே பிரார்த்தனை செய்கிறதே, அரசியல் தலைவரா, உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டிருந்தார்.

தெரிந்தவர்தான். பதினெட்டு வருஷப் பழக்கம்.

சிரித்து முடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். எந்தப் படம், எந்த வருஷம், யார் நடித்தது, சுத்தியல் எப்படி விழுந்தது, அது ஏன் எங்களுக்குச் சிரிப்பு என்று ஒன்றரைப் பக்கம். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "அப்படியானால் நிஜத்தில் யாருக்கும் அடிபடவில்லை. நல்லது."

அந்த 'நல்லது' என்னை அன்றைக்கு முழுக்க உறுத்தியது. மொழிபெயர்ப்பே தொழில். நான் எழுதியதில் தகவல் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சிரிப்பு எங்கேயோ வழியில் இறங்கிவிட்டிருந்தது. முகநூலில் யாரோ ஒரு வரி ஆங்கிலத்தில் சாதித்ததை என் ஒன்றரைப் பக்கத்தால் சாதிக்க முடியவில்லை. எங்கே தவறினேன் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

நடந்தது என்ன

தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் கட்டடப் பொறியியல் சார்ந்த ஒரு முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இந்தக் கருவிக்கு என்ன பெயர் என்று கேட்டது. பல நாட்டுக்காரர்கள் தங்கள் மொழிப் பெயரை எழுதினார்கள். தமிழ் இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். இதன் பெயர் சுத்தியல், எதன் மீதாவது அடித்தால் இப்படி இப்படிச் சத்தம் வரும், பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலை ஜமீன் அரண்மனையில் அவருடைய அண்ணன் மகனால் இதனால்தான் உடைந்தது, பாவம் மனிதர். சாராம்சம் இவ்வளவுதான்.

கீழே இன்னொருவர் வந்து, இப்போது அவர் உடல்நிலை எப்படி என்று அக்கறையாக விசாரித்தார். அங்கிருந்து டிவிட்டருக்குத் தாவியது. 29ஆம் தேதி இரவுக்குள் 'பிரே ஃபார் நேசமணி' என்ற ஹேஷ்டேக் இந்திய அளவில் முன்னணிக்கு வந்து, உலகப் பட்டியலிலும் ஏறியது. மருத்துவமனை அறிக்கைகள், தலைவர்களின் ஆறுதல் செய்திகள், சுத்தியலைப் போட்ட அண்ணன் மகன் கிருஷ்ணமூர்த்தியைக் கைது செய்யக் கோரும் போராட்டப் படங்கள். மறுநாள் ஆங்கில ஊடகங்கள், யார் இந்த நேசமணி என்று விளக்கக் கட்டுரை போட வேண்டிய நிலை.

படம் 'ஃப்ரெண்ட்ஸ்', 2001 பொங்கலுக்கு வந்தது. சித்திக் இயக்கம். விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா மூவரும் பெயிண்ட் அடிக்கும் வேலைக்கு வருகிறார்கள். அவர்களை மேய்ப்பவர் காண்ட்ராக்டர் நேசமணி, அதாவது வடிவேலு. மேலே நிற்கும் கிருஷ்ணமூர்த்தியின், அதாவது ரமேஷ் கண்ணாவின், கையிலிருந்து நழுவும் சுத்தியல் கீழே நிற்கும் நேசமணியின் தலையில் விழுகிறது. அவ்வளவுதான் காட்சி. 2011க்கும் 2019க்கும் இடையில் வடிவேலு நடித்த படங்கள் மிகக் குறைவு. அந்த இடைவெளியிலும் அவர் முகம் இல்லாமல் தமிழ் இணையத்தில் ஒரு நாள் நகர்ந்ததில்லை.

பதவியேற்பும் நேசமணியும் ஒரே நாளில் மோதியதால் வெளியாட்களுக்குக் குழப்பம் இரட்டிப்பானது. இது அரசியல் எதிர்ப்பா, வெறும் விளையாட்டா? தமிழர்களிடமே அதற்கு ஒரே பதில் கிடையாது. எனக்குத் தோன்றுவது, விளையாட்டாக ஆரம்பித்தது, நாள் பார்த்து வேறு அர்த்தத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டது. மருத்துவமனை அறிக்கை மீம்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை ஒரு முதலமைச்சரின் உடல்நிலை பற்றி அறிக்கைக்கு மேல் அறிக்கை வாசித்த மாநிலம் இது. 'காண்ட்ராக்டர் நேசமணி சீராக இருக்கிறார்' என்ற வரியை இங்கே ஒருவர் படிக்கும்போது அந்த எழுபத்தைந்து நாளும் சேர்ந்து காதில் விழும். இதை எந்த அடிக்குறிப்பில் போடுவது?

அந்த ஒரு வரி ஏன் ஜெயித்தது

அந்த முகநூல் பதிலை மொழிபெயர்ப்பாளன் கண்ணோடு திரும்பப் படித்தேன். எழுதியவர் நகைச்சுவையை மொழிபெயர்க்க முயலவே இல்லை. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறார். பெயர், ஒலி, பயன்பாடு. அப்புறம், அதே தகவல் தொனி மாறாமல், ஒரு விபத்துச் செய்தி. ஆள் பெயர், தொழில், இடம், காரணமானவர், கடைசியில் ஒரு பரிதாபம். உள்ளூர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் வரும் செய்தியின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

ஆக அவர் மொழி தாண்டிக் கொண்டுபோனது நேசமணியை அல்ல, செய்தி என்ற வடிவத்தை. விபத்துச் செய்தி எந்த நாட்டுக்காரருக்கும் தெரியும். ஹேஷ்டேக்கும் அதே தந்திரம்தான். 2011இல் ஜப்பான் சுனாமிக்கு, 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்கு என்று உலகம் பழகிவிட்ட வாய்பாடு 'பிரே ஃபார்'. அந்தச் சட்டையை நேசமணிக்கு மாட்டினார்கள். வெளிநாட்டு வாசகருக்குச் சட்டை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. தெரியாத ஆளுக்காக ஒரு நிமிஷம் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தைப் பார்த்து நாம் சிரித்தோம். அன்றைக்கு உலகம் சிரித்ததாக நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உலகம் சிரிக்கவில்லை, விசாரித்தது. சிரித்தது நாம் மட்டும்தான். கொஞ்சம் கள்ளச் சிரிப்பு.

நான் எழுதிய விளக்கமும் பத்திரிகைகள் எழுதிய விளக்கமும் இதற்கு நேர் எதிராக வேலை செய்தன. ஆளை அறிமுகப்படுத்தினோம், சட்டையைக் கழற்றிவிட்டோம். 'இது ஒரு திரைப்படக் கதாபாத்திரம்' என்ற முதல் வாக்கியத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும். அதற்கப்புறம் வாசகருக்கு மிச்சமிருப்பது தகவல்தான். 'யாருக்கும் அடிபடவில்லை, நல்லது' என்று சொல்லாமல் அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

காண்ட்ராக்டர் என்பது தமிழ் வார்த்தை

அந்த வரியிலும் கொஞ்சம் சேதாரம் இருக்கிறது. அது எங்கே என்று பார்த்தபோது ஒரு வேடிக்கை புரிந்தது. இழந்ததில் முக்கால்வாசி, நாம் ஏற்கனவே ஆங்கிலத்தில் சொல்லும் வார்த்தைகளில்தான்.

'காண்ட்ராக்டர் நேசமணி' என்று தமிழில் சொல்லும்போது ஒரு மிடுக்கு வருகிறது. நாலு பேரை வைத்து வேலை வாங்குபவர், தன்னை ஒரு ஆளாக நினைத்துக்கொள்பவர், ஊர் அவரை அவ்வளவாக நினைக்காதது. இத்தனையும் அந்த ஒரு பட்டத்தில் இருக்கிறது. அதே சொல்லை ஆங்கில வாக்கியத்துக்குள் திருப்பி வைத்தால் பட்டம் போய் வெறும் தொழில் விவரம் ஆகிவிடுகிறது. வருமான வரிப் படிவத்தில் நிரப்புகிற மாதிரி. நம்மிடம் வந்து பல வருஷம் குடியிருந்து குணம் மாறிய சொல்லை, அதன் பழைய வீட்டுக்கு அனுப்பினால் அங்கே யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

வடிவேலு வசனங்கள் முழுக்க இந்தக் கண்ணிவெடி உண்டு. 'பில்டிங் ஸ்ட்ராங்கு, பேஸ்மட்டம் வீக்கு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வார்த்தையும் ஆங்கிலம்தானே, அப்படியே எழுதிவிடலாம் என்று புதிதாக வருபவர் நினைப்பார். ஆனால் நம் ஊர்க் கொத்தனார் சொல்லும் பேஸ்மட்டம் அஸ்திவாரம். ஆங்கிலத்தில் அது தரைக்குக் கீழே இருக்கும் அறை. துணி துவைக்கும் இயந்திரம், பழைய சைக்கிள் எல்லாம் போட்டுவைக்கும் இடம். அந்த அறை வீக்காக இருந்தால் இவருக்கு ஏன் கால் நடுங்குகிறது என்று பார்ப்பவர் யோசிப்பார். இங்கே ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே மொழிபெயர்க்க வேண்டும்.

'நானும் ரவுடிதான்' இன்னும் மோசம். 2006இல் 'தலைநகரம்' படத்தில் நாய் சேகர் போலீஸ் ஜீப்பில் ஏறத் துடித்துக் கதறும் வரி. 2015இல் ஒரு படத்துக்கே பெயரானது. நம் ஊரில் ரவுடி ஒரு பதவி. காவல் நிலையத்தில் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இருக்க வேண்டும். அந்த அங்கீகாரத்துக்கு ஏங்குவதுதான் நகைச்சுவை. ஆங்கிலக்காரர் காதில் அந்தச் சொல் பெரும்பாலும் கூச்சல் போடுகிற, அடங்காத என்ற அடைமொழி. கால்பந்து பார்த்துவிட்டுக் குடித்துக் கத்துபவன். 'நானும் சத்தம் போடுபவன்தான்' என்று கதறி ஒருவன் ஜெயிலுக்குப் போக விரும்பினால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? தாதா, கேங்ஸ்டர் என்று மாற்றினால் ரொம்பப் பெரிய ஆளாகிவிடுவார், நாய் சேகருக்குத் தாங்காது. ஒரு தடவை எனக்கு இந்த மாதிரி ஒரு ரவுடி வந்தபோது, 'நானும் தேடப்படும் ஆள்தான்' என்ற பொருளில் எழுதிச் சமாளித்தேன். முழுத் திருப்தி இல்லை. ஆனால் பட்டியலில் இடம் பிடிக்கும் ஏக்கம் மட்டும் அதில் பிழைத்தது.

ஆணி விவகாரம்

'ஃப்ரெண்ட்ஸ்' படத்திலிருந்தே சுத்தியலை விடப் பெரிய சொத்து ஒன்று தமிழுக்கு வந்தது. பெயிண்ட் அடிக்குமுன் சுவரில் உள்ள ஆணியைப் பிடுங்க வேண்டும். எது தேவையான ஆணி, எது தேவையில்லாத ஆணி என்ற கேள்வி எழுகிறது. 'நீ புடுங்குறது எல்லாமே தேவையில்லாத ஆணிதான்' என்ற வரி ஊருக்கு ஊர் சிற்சில சொல் மாற்றத்தோடு வாயில் நிற்கிறது. கூடவே அதன் தம்பி, 'நீ ஆணியே புடுங்க வேணாம்'.

இது வசனமாக நிற்கவில்லை, வழக்காகிவிட்டது. 2000களின் நடுவில் தமிழ் வலைப்பதிவுகள் எழுதிக்கொண்டிருந்தவர்களிடம் 'ஆணி' என்றால் அலுவலக வேலை. 'இந்த வாரம் ஆணி அதிகம், பதிவு போட முடியவில்லை' என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது. படத்தைப் பார்க்காத பிள்ளைகள்கூட இன்றைக்கு ஒரு வேண்டாத திட்டத்தை, வேண்டாத அணி மாற்றத்தை, வேண்டாத சண்டையைப் பார்த்தால் 'தேவையில்லாத ஆணி' என்கிறார்கள்.

இதை மொழிபெயர்ப்பதில் மூன்று தனித்தனிச் சிக்கல்.

முதலாவது, 'புடுங்கு'. 'நீ என்ன புடுங்குற?' என்று கேட்டால் அது சண்டைக்கான அழைப்பு. கெட்ட வார்த்தை என்று முழுசாகச் சொல்லவும் முடியாது, பெரியவர்கள் முன் சொல்லவும் முடியாது. சுவரில் நிஜமாகவே ஆணி இருப்பதால், தணிக்கைக்கும் தாத்தாவுக்கும் முன்னால் அந்தச் சொல்லைப் பகிரங்கமாகப் போட்டுச் சிரிக்க முடிகிறது. சிரிப்பின் பாதி இந்தத் திருட்டுத்தனத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆணி பிடுங்குவது வெறும் ஆணி பிடுங்குவது.

இரண்டாவது, ஆணி. ஆங்கில 'நெயில்' ஆணியும் ஆகும், நகமும் ஆகும். 'உன் நெயில் எதையும் பிடுங்க வேண்டாம்' என்று தனியே படிப்பவருக்கு சித்திரவதைக் கூடம் கண்ணில் வரும். திரையில் சுவரும் ஆணியும் தெரிவதால் படத்துக்குள் ஆபத்தில்லை. ஆனால் வெளிநாட்டு மொழிகளுக்குப் போகும் வழியில் ஆபத்து உண்டு. போலிஷ் மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாது. தமிழிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு அச்சுக்கோப்பு, அதாவது மாதிரிக் கோப்பு, போட்டு, அதிலிருந்துதான் மற்ற மொழிகள் கிளம்புகின்றன. போலிஷில் ஆணிக்கு ஒரு சொல், நகத்துக்கு வேறு சொல். ஆங்கிலத்தை மட்டும் பார்த்து அவசரமாக வேலை செய்பவர் எதை எடுப்பார் என்பது அவர் வீடியோவைத் திறந்து பார்த்தாரா என்பதைப் பொறுத்தது. ஒரு சமயம் இதே மாதிரி இரட்டைப் பொருள் சொல் ஒன்றை நானே குறிப்பில்லாமல் அனுப்பி, மூன்று மொழியில் தப்பாகப் போன பிறகு கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து அச்சுக்கோப்பில் குறிப்பு எழுதாமல் எதையும் அனுப்புவதில்லை.

மூன்றாவது, இடம். சப்டைட்டிலில் பரவலாகப் பின்பற்றும் அளவு வரிக்கு 42 எழுத்து, இரண்டே வரி, திரையில் அதிகபட்சம் ஏழு விநாடி. வடிவேலு ஏழு விநாடியில் மூன்று தடவை திட்டி, ஒரு தடவை அழுது, ஒருவரை அடித்திருப்பார். விளக்கத்துக்கு இடமே கிடையாது.

சரி, என்ன செய்வது? படத்துக்குள் என்றால் ஆணியை ஆணியாகவே விடலாம் என்பது என் கட்சி. சுவர் இருக்கிறது, முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது. 'நீ பிடுங்கியது எல்லாம் தப்பான ஆணி' என்கிற அளவுக்குக் குட்டையாக, கடுப்போடு இருந்தால் போதும். மேஸ்திரிக்கும் கத்துக்குட்டிக்கும் உள்ள உறவு எந்த ஊரிலும் உண்டு. 'புடுங்கு' போனதற்கு அழுதுகொண்டிருக்க முடியாது. அடுத்த வரியில் ஒரு வசவைக் கொஞ்சம் கூட்டி ஈடுகட்டலாம்.

படத்துக்கு வெளியே, ஒரு கட்டுரையிலோ கதையிலோ அந்தத் தொடர் வந்தால் கதை வேறு. அங்கே சுவர் இல்லை. பாத்திரம் பேசும் 'தேவையில்லாத ஆணி'யை ஆணியாகவே வைத்தால் அடிக்குறிப்பு கேட்கும். அங்கே அந்தத் தொடர் செய்யும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் கேட்காத வேலையை ஒருவர் உழைத்துச் செய்துவிட்டு நிற்கிறார், பார்ப்பவர் அலுத்துக்கொள்கிறார். அந்த அலுப்புக்கு அந்த மொழியில் என்ன சொல்வார்கள் என்று தேட வேண்டும். ஒரே தொடருக்கு இரண்டு மொழிபெயர்ப்பு என்றால் சில ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள், சீர்மை வேண்டுமாம். பஞ்ச் வசனம் சட்டப்பிரிவு கிடையாது.

அதே வாரம், இன்னொரு படம்

நேசமணி நாளுக்கு ஐந்து நாள் முன்னால், மே 25 அன்று, கான் திரைப்பட விழாவில் கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' தங்கப்பனை விருது வாங்கியது. சப்டைட்டில்காரர்கள் இன்றும் பேசும் ஆங்கில வசனங்கள் அதில் உண்டு, எழுதியவர் டார்சி பாக்கெட். கொரியாவில் இரண்டு மலிவு உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டுகளைக் கலந்து செய்யும் பண்டத்துக்கு 'ச்சாபகூரி' என்று செல்லப் பெயர். வெளியாட்களுக்குப் புரியாது என்று ராமென், உடோன் இரண்டையும் ஒட்டி 'ராம்டான்' என்று புதுப் பெயர் கட்டினார். சோல் தேசியப் பல்கலைக்கழகம் ஆக்ஸ்ஃபோர்டு ஆனது. போலிச் சான்றிதழ் செய்வதற்கு அங்கே ஒரு பாடப்பிரிவு இருக்கிறதா என்று அப்பா வியக்கும் வரி அது. பல்கலைக்கழகத்தின் மதிப்பு நொடியில் உறைக்காவிட்டால் அந்தச் சிரிப்பு இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு எனக்குச் சம்மதம். அங்கே பெயருக்கு வேலை இல்லை, உயரத்துக்குத்தான் வேலை. ராம்டானில் கொஞ்சம் தயக்கம். அந்த நூடுல்ஸ் மேல் விலை உயர்ந்த மாட்டிறைச்சியைத் துண்டுபோட்டுக் கொட்டுவதில்தான் அந்த வீட்டின் பணம் தெரிகிறது. இறைச்சி திரையில் தெரிந்துவிடுகிறது. நூடுல்ஸ் எவ்வளவு சாதாரணம் என்பது புதுப் பெயரில் தெரிவதில்லை. பரோட்டாக் கடை சால்னாவை நட்சத்திர ஓட்டல் பெயர் சூட்டிப் பரிமாறிய மாதிரி. ஆனால் டார்சி பாக்கெட்டுக்கு எழுத்து எண்ணிக்கையும் விநாடியும் கழுத்தில் இருந்தன. நான் சாவகாசமாக உட்கார்ந்து குறை சொல்கிறேன்.

இதில் தமிழ்ப் பார்வையாளருக்கு ஒரு தனி நஷ்டம். கொரிய மொழியில் மரியாதைப் படிநிலை உண்டு, முறை சொல்லிக் கூப்பிடுவது உண்டு, அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்கள். நீ, நீங்க எல்லாம் உள்ள தமிழுக்கு நேராக வந்திருந்தால் பாதி வேலை தானாக நடந்திருக்கும். ஆங்கிலம் வழியாக வருவதால் எல்லாரும் எல்லாரையும் 'யூ' என்று தட்டையாகப் பேசிவிட்டு நம்மிடம் வருகிறார்கள். நேரே கொரியனிலிருந்து தமிழுக்குச் செய்தாலும் 'ஓப்பா' ஒன்று மாட்டிக்கொள்ளும். அண்ணனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், காதலனையும் அப்படித்தான். இங்கே காதலனை அண்ணா என்று கூப்பிட்டால் அதோடு காதல் முடிந்தது. அத்தானோ மாமாவோ போட்டால் முறைப்பையன் ஆகிவிடுவான். அதற்குக் கொரியாவில் இடம் இல்லை.

லாசர் முதல் நேசமணி வரை

நேசமணியே ஒரு மொழிபெயர்ப்புதான் என்பதை ஆங்கிலக் கட்டுரைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1999இல் சித்திக் மலையாளத்தில் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அதே பெயரில் எடுத்த படத்தில் இந்தப் பாத்திரம் லாசர் இளையப்பன், நடித்தவர் ஜகதி ஸ்ரீகுமார். இளையப்பன் என்றால் சித்தப்பா. மலையாளத்தில் உறவுமுறை பெயரோடு ஒட்டியிருக்கிறது. தமிழில் அந்த இடத்தில் உறவு இல்லை, காண்ட்ராக்டர் என்ற பட்டம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஊருக்கே சித்தப்பா, இங்கே ஊருக்கே முதலாளி. சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் வடிவேலுவின் மொத்த நடிப்பும் அந்தப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் தவிப்பில்தான் ஓடுகிறது.

பெயரைப் பாருங்கள். லாசர் கேரளக் கிறிஸ்தவப் பெயர். நேசமணி என்றதும் நமக்குக் கன்னியாகுமரி ஞாபகம் வரும். 1956 நவம்பர் 1இல் அந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரப் போராடிய மார்ஷல் நேசமணியின் மண். எல்லையைத் தாண்டியும் பாத்திரம் ரொம்ப தூரம் போகவில்லை, அடுத்த மாவட்டத்தில் இறங்கிக்கொண்டது. வட்டாரம், சமூகம், வேலை எல்லாம் பக்கத்து வீட்டு அளவில் மாறியிருக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பு சில சமயம் இவ்வளவு அடக்கமானது. ஜமீன் அரண்மனையும் சுத்தியலும் அப்படியே இருக்க, காதுக்குப் பழகிய பெயர் ஒன்று போதுமாக இருந்தது.

ஆக 1999இல் ஒரு முறை, 2001இல் ஒரு முறை, 2019இல் முகநூலில் ஒரு முறை என்று அந்தச் சுத்தியல் மூன்று மொழியில் விழுந்திருக்கிறது. மூன்றாவது தடவை விழுந்தபோதுதான் கூட உறவுமுறையும் உடைந்தது.

எந்த அண்ணன் மகன்

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் போலந்துத் தோழியிடமிருந்து மறுபடி ஒரு கேள்வி. தொழில்முறைச் சந்தேகம் என்று ஆரம்பித்திருந்தார். சுத்தியலைப் போட்டது நெஃப்யூ என்கிறார்களே, அது பிரத்தானெக்கா, ஷொஸ்ட்ஷெனியெட்ஸா?

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். போலிஷில் சகோதரன் மகன் வேறு, சகோதரி மகன் வேறு. முன்னது பிரத்தானெக், பின்னது மற்றது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது அவர்களுக்கு அன்றாடத் தலைவலியாம்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்முடைய தலைவலியும் அதேதான். அண்ணன் மகன் எனக்கு மகன் முறை, அக்கா மகன் மருமகன் முறை. இரண்டும் ஒன்றா? மருமகன் சுத்தியலைப் போட்டிருந்தால் அதில் கேலிக்கு இடம் உண்டு, மாமனும் மருமகனும் ஆயிரம் விளையாடுவார்கள். மகன் முறையில் உள்ளவன் சித்தப்பன் தலையில் போட்டுவிட்டு மேலிருந்து முழிப்பது வேறு வகைச் சங்கடம். அடிக்கவும் முடியாது, வேலையை விட்டு அனுப்பவும் முடியாது, அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழிலும் இருக்கிறது, போலிஷிலும் இருக்கிறது, நடுவில் நின்ற ஆங்கிலம் மட்டும் அதை வாங்கி வைத்துக்கொண்டது.

சகோதரன் மகன், மூத்த சகோதரன், அதிலும் நேசமணி அவனைப் பெற்ற பிள்ளை மாதிரி நடத்த வேண்டிய முறை என்று எழுதி அனுப்பினேன். படம் பற்றி, வடிவேலு பற்றி, தமிழ்ப் பண்பாடு பற்றி இந்த முறை ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்றே வரி.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை வேலையைத் திறந்தபோது, அனுப்ப வேண்டிய கோப்புகள் பற்றிய பேச்சுக்கு முன்னால் அவருடைய செய்தி காத்திருந்தது:

"பிரத்தானெக்கைப் பிடித்துவிட்டார்களா?"

"இன்னும் இல்லை," என்று எழுதினேன். "தனிப்படை அமைத்திருக்கிறார்கள்."